வாய்க்கால் வந்த ஊரும் ரேகை வைத்த ஊரும்

கல்லூரி விடுதியில் முதல் நாள். அறைக்கு வந்த சீனியர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். மேலூர் என்றேன். "மதுரை மேலூரா? டேய், ரூமுக்கு ரெண்டு பூட்டா போடுங்கடா" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பதினேழு வயதில் வேறென்ன செய்ய முடியும்? அவர் கெட்டவர் இல்லை. மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பேப்பர் அரியரில் நின்றபோது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

இந்த மாதிரி ஜோக்குக்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. பல வருடம் கழித்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில் போனில் அமெரிக்க நாவல்களைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் தோன்றியது. நூற்றியிருபது வருடத்துக்கு முன்னால் நியூயார்க்கிலும் சான்ஃபிரான்சிஸ்கோவிலும் எழுதிய சிலரைப் படிக்கப் படிக்க, அந்த ஜோக்கின் பிறப்புச் சான்றிதழ் கையில் கிடைத்த மாதிரி இருந்தது. ஒருவன் எங்கே, யாருக்குப் பிறந்தான் என்று தெரிந்தால் அவன் என்ன செய்வான் என்பதும் தெரிந்துவிடும் என்ற எண்ணம்தான் அந்த ஜோக். அந்த எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இலக்கியமாகவும், இங்கே சட்டமாகவும் ஆனது.

*

முதலில் அமெரிக்கா. உள்நாட்டுப் போர் 1865இல் முடிகிறது. 1869இல் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைக்கிறது. அடுத்த முப்பது வருடத்தில் எஃகு ஆலைகள், இறைச்சிக் கூடங்கள், பங்குச் சந்தை, ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஏழைகள், அவர்கள் அடைந்து கிடந்த குடியிருப்புகள் என்று ஒரு விவசாய நாடு தொழில் நாடாக மாறிவிடுகிறது. கோட்டை, காதல், வீரம் என்று எழுதிக்கொண்டிருந்த பழைய கற்பனைக் கதைகளுக்கு இந்த வாழ்க்கை பிடிபடவில்லை.

அங்கேதான் யதார்த்தவாதம் வருகிறது. அதன் பெரிய அண்ணன் வில்லியம் டீன் ஹவல்ஸ். பத்து வருடம் 'அட்லாண்டிக்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், மார்க் ட்வைனின் நண்பர். 1885இல் வந்த அவருடைய நாவலின் நாயகன் சைலஸ் லாப்பம். தமிழில் கொஞ்சம் அசந்து எழுதினால் 'லாபம்' என்று வந்துவிடும். ஆனால் அது நஷ்டத்தின் கதை. பெயின்ட் விற்றுப் பணக்காரனான லாப்பம், கடனில் மாட்டுகிறான். தன்னிடமுள்ள மதிப்பிழந்த ஆலையை, விஷயம் தெரியாதவர்கள் தலையில் கட்டினால் தப்பிக்கலாம். வாங்க ஆளும் தயார். ஒரு ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடந்துவிட்டு, அவன் விற்காமல் இருக்கிறான். சொத்து போகிறது.

ஹவல்ஸின் யதார்த்தவாதம் சாதாரண மனிதனை, சாதாரணப் பேச்சில், அவன் பெயின்ட் டப்பாவோடு காட்டும். அதோடு, சமூகம் எவ்வளவு அழுத்தினாலும் கடைசியில் அவனிடம் ஒரு முடிவை விட்டுவைக்கும். அந்த முடிவுதான் கதை.

அடுத்த தலைமுறைக்கு இது போதவில்லை. ராத்திரி முழுக்க நடந்து யோசிக்க வீட்டில் இடம் இருப்பவன்தானே லாப்பம்? ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் யார் நடப்பது? இந்தக் கேள்வியிலிருந்து வருவதுதான் இயல்புவாதம். பிரான்ஸில் எமிலி ஜோலா 1880இலேயே அதற்குக் கொள்கை விளக்கம் எழுதிவிட்டார். நாவலாசிரியன் ஒரு விஞ்ஞானி; பரம்பரையும் சூழலும் மனிதனை எப்படி இயக்குகின்றன என்று சோதித்துப் பார்ப்பவன். எங்கள் துறை ஆட்கள் பாஷையில் சொன்னால், இன்புட் இரண்டு, அவுட்புட் ஒன்று.

அமெரிக்காவில் இதை முதலில் செய்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் கிரேன். நியூயார்க்கின் பவரி பகுதியைப் பற்றிய 'மேகி' என்ற குறுநாவலை 1893இல் புனைபெயரில், சொந்தக் காசில் அச்சடித்தார். குடிகாரத் தாய், சண்டைக்கார அண்ணன், ஆலை வேலை, நம்பிப் போன ஒருவன் கைவிடுவது, தெரு, ஆறு. மேகிக்கு முடிவெடுக்க ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. புத்தகம் விற்கவில்லை. கிரேனின் பக்கம் நின்று பேசிய சிலரில் ஹவல்ஸும் ஒருவர். தன் வழிக்கு எதிர்வழியில் போகிறவன் என்று தெரிந்தும் நின்றார். 1899இல் ஃபிராங்க் நோரிஸின் 'மெக்டீக்' வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஒரு பல் வைத்தியர், குடித்தால் மிருகமாகிறார். ஏன் என்று கேட்டால் நோரிஸ் அப்பனைக் காட்டுகிறார், அப்பனுக்கு அப்பனைக் காட்டுகிறார். இரத்தத்திலேயே இருக்கிறதாம்.

கிரேன் சூழலை அழுத்துகிறார், நோரிஸ் பரம்பரையை. படிக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஆனால் இந்த இரண்டு இன்புட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை மேலூரிலிருந்து உசிலம்பட்டிக்கு பஸ் ஏறிப் பார்த்தால் அளந்துவிடலாம்.

*

1871ஆம் வருடத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஒரே குடும்பத்தின் பரம்பரைக் குணங்களை இருபது நாவல்களில் பின்தொடர்ந்த ஜோலாவின் பெருந்தொடரில் முதல் புத்தகம் வந்தது அந்த வருடம். டார்வினின் 'மனிதனின் வம்சாவளி' நூல் வந்தது அந்த வருடம். கிரேன் பிறந்ததும் அந்த வருடம்தான். அதே வருடம் அக்டோபரில் இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டம் நிறைவேறியது.

யாரும் யாரையும் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. அந்தக் காலத்தின் காற்றிலேயே அது இருந்தது. ஐந்து வருடம் கழித்து இத்தாலியில் லோம்ப்ரோசோ மண்டை ஓட்டை அளந்து பிறவிக் குற்றவாளி என்று ஒருவனைக் கண்டுபிடிக்கிறார். 1877இல் ரிச்சர்ட் டக்டேல் நியூயார்க் மாநிலச் சிறைகளில் சொந்தபந்தமாக இருந்த கைதிகளைப் பார்த்து, 'ஜூக்ஸ்' என்று பெயர் மாற்றி ஒரு குடும்ப வரலாறு எழுதுகிறார். சூழல் மாறினால் ஆள் மாறலாம் என்றும் டக்டேல் சேர்த்தே எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டு இரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியச் சட்டத்தின் நியாயம் இன்னும் எளிமை. இங்கே தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. அப்படியானால் திருடன் மகன் திருடன்தானே என்பது அதை முன்வைத்தவர்களின் வாதம். மண்டை ஓட்டை அளக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஜாதி என்ற பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஐரோப்பிய இயல்புவாதிகள் நாவலில் கஷ்டப்பட்டு நிரூபிக்கப் பார்த்ததை, இங்கே அரசிதழில் ஒரு அறிவிப்பு போட்டு முடித்தார்கள். அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்பதும் சட்டத்திலேயே இருந்தது.

முதலில் வட இந்தியா. 1911இல் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில வருடங்களில் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி திருமங்கலம் பக்கத்து பிறமலைக் கள்ளர்கள் மொத்தமாக அறிவிக்கப்பட்டார்கள். பத்து விரல் ரேகை. வெளியூர் போக ராதாரிச் சீட்டு. ராத்திரியானால் ஆண்கள் போலீஸ் கண்ணில் படும் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். கல்யாணம் ஆன அன்று மாப்பிள்ளை ஸ்டேஷனில் போய்ப் படுத்த கதையை அந்தப் பக்கம் இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயாக்காள் என்ற பெண் உட்பட 16 பேரின் பெயர் நினைவுத் தூணில் இருக்கிறது.

*

இதே மதுரை ஜில்லாவில், இதே காலத்தில், தமிழின் யதார்த்தவாத நாவலும் பிறந்தது. பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராகத் தொடங்கியது. 'மேகி' வந்த அதே வருடம். ராஜமய்யர் வத்தலக்குண்டுக்காரர். அப்போது அதுவும் மதுரை ஜில்லாதான். 1872இல் பிறந்து 1898இல், 26 வயதில் போய்விட்டார். கிரேன் 1900இல், 28 வயதில். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் இருவருமே கற்பனை ராஜகுமாரர்களை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்டவர்கள். சிறுகுளம் என்ற ஊரின் வம்பும் பொறாமையும் திண்ணைப் பேச்சும் அந்த நாவலில் அப்படியே கேட்கும். இன்று படித்தாலும் சிரிப்பு வரும்.

அந்த நாவலில் பேயாண்டித் தேவன் என்று ஒரு கொள்ளைக்காரன் வருகிறான். துணிச்சல்காரன், சுவாரசியமானவன். ஆனால் அக்ரஹாரத்துத் திண்ணையிலிருந்து பார்த்த உருவம் அவன். அவன் ஊரில் மழை பெய்ததா, அவன் அப்பன் என்ன வேலை செய்தான், யாருடைய காவல் உரிமை எப்போது பறிபோனது என்ற கேள்விகள் அந்தத் திண்ணைக்கு வரவில்லை. ராஜமய்யர் மேல் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இருபத்தொரு வயதுப் பையன் தனக்குத் தெரிந்த உலகத்தை அபாரமாக எழுதினான், அவ்வளவுதான். நாவலின் பின்பாதி வேதாந்தத்துக்குப் போய்விடுகிறது. கிரேனின் பாத்திரம் ஆற்றில் முடிகிறாள், ராஜமய்யரின் பாத்திரங்கள் ஆனந்தத்தில் முடிகிறார்கள்.

ஒரு தகவல் எனக்குப் பிடித்தமானது. அந்த நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன்தான், அதற்கு இருபது வருடம் முன்னால், 1978இல், கள்ளர்களைக் 'குற்றப் பழங்குடி' என்று சொன்னது சரியா என்று மறுபரிசீலனை செய்த கட்டுரையையும் எழுதியவர். திண்ணையையும் அதற்கு வெளியே நின்றவனையும் ஒரே ஆள் பார்க்க நூறு வருடம் ஆகியிருக்கிறது.

*

இப்போது வாய்க்கால்.

'மேகி'யும் 'கமலாம்பாளு'ம் வெளியாகிக்கொண்டிருந்த அதே நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பென்னிகுயிக்கின் ஆட்கள் பெரியாற்றை மறித்துக் கல்லும் சுண்ணாம்பும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1887இல் தொடங்கிய வேலை. 1895 அக்டோபரில் திறப்பு. மேற்கே கடலுக்குப் போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வைகையில் விட்டு, பேரணையில் பிடித்து வாய்க்காலில் ஏற்றினார்கள். அந்த வாய்க்கால் மதுரைக்கு வடக்கே சுற்றிக்கொண்டு மேலூருக்கு வந்தது.

அதற்கு முன் மேலூர்ப் பக்கம் எப்படி இருந்தது? மழை பெய்தால் கம்மாய் நிறையும், இல்லாவிட்டால் இல்லை. கம்பெனிக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் பயந்தது இந்தப் பக்கத்துக் கள்ளர் நாடுகளைத்தான். 1755இல் கர்னல் ஹெரானின் படை கோயில்குடிக் கோயிலில் சிலைகளை எடுத்துக்கொண்டு போனபோது நத்தம் கணவாயில் மறித்து அடித்தவர்கள் இந்த வட்டாரத்து ஆட்கள். கம்பெனிக் கண்ணில் அடங்காதவர்கள் என்று அப்போது பட்டியல் போட்டிருந்தால் மேலூர்தான் முதலில் வந்திருக்கும்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டில் ரேகைச் சட்டத்தின் முழுச் சுமையும் விழுந்தது மேற்கே, பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத மானாவாரிப் பூமியில். கிழக்கே நெல் விளைந்தது. கள்ளந்திரி வரை இருபோகம், அதைத் தாண்டி எங்கள் பக்கம் ஒருபோகம். ஒருபோகம் என்றாலும் போகம்தானே. இதைப் பெரியப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். வரப்பில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளாமை இருந்தா மனுசன் ராத்திரி வயக்காட்டுல காவல் கெடப்பான்ப்பா. இல்லைன்னா எங்கிட்டாச்சும் போகணும்ல, பிள்ளைக பசிக்குமே." ஜோலாவின் கொள்கை விளக்கத்தில் சூழல் பற்றி வரும் பகுதியை இதைவிடச் சுருக்க முடியாது.

பொறியாளர் புத்தி எனக்கு. கையில் ஒரு நல்ல சோதனை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. ஒரே பொதுப்பெயர், ஒரே பழம்பெருமை, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தூரம். ஒரு பக்கம் தண்ணீர் விட்டாயிற்று, மறுபக்கம் விடவில்லை. விட்ட பக்கத்தில் 'பிறவிக் குணம்' காணாமல் போய்விட்டது. அப்படியானால் பரம்பரை பொய், சூழல்தான் மெய். நோரிஸ் தோற்றார், கிரேன் ஜெயித்தார். உசிலம்பட்டிக்காரர்கள் ஐம்பத்தெட்டு கிராமக் கால்வாய் கேட்டு எத்தனையோ வருடம் போராடியதும் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்தியது. கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன்.

*

முடிக்க விடாதது மேலவளவு. மேலூரிலிருந்து கொஞ்ச தூரம். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் தேதி, பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் உடன் வந்தவர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள், ஒரு தலித் தலைவராக இருக்கக் கூடாது என்பதற்காக.

கொன்றவர்கள் வறண்ட பூமிக்காரர்கள் இல்லை. பசி ஒரு காரணம் இல்லை. வாய்க்கால் வந்து நூறு வருடம் ஆகியிருந்தது. என் சோதனையின்படி நடந்திருக்கவே கூடாது. சூழல் என்றால் தண்ணீர் மட்டுமா, ஜாதியும் சூழல்தானே என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் அரிவாளை ஓங்கிய கைக்குப் பொறுப்பே இல்லாமல் போய்விடும். ரேகைச் சட்டம் ஒரு குழந்தையைப் பார்த்து, நீ செய்யாததற்கும் நீ பொறுப்பு என்றது. நான் பிடித்துக்கொண்ட சூழல் வாதம், நீ செய்ததற்கும் நீ பொறுப்பில்லை என்கிறது. இரண்டிலும் மனிதன் முடிவெடுப்பதில்லை. அவனுக்காக ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

இங்கேதான் எனக்கு ஹவல்ஸ் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் பாஸ்டன் பணக்காரனின் மனசாட்சி போதாது. அழுத்தத்தின் அடியில் கிடப்பவனிடமும் முடிவு இருக்கிறது என்று காட்டும் ஒருவர் வேண்டும். சார்ல்ஸ் செஸ்நட் அதைச் செய்திருக்கிறார். கறுப்பின எழுத்தாளர். 1898இல் வில்மிங்டன் நகரில் வெள்ளையர்கள் நடத்திய வன்முறையை வைத்து 1901இல் ஒரு நாவல் எழுதினார். கலவரத்தில் ஒரு கறுப்பின டாக்டரின் குழந்தை செத்துப்போகிறது. தன் பத்திரிகையால் அந்தக் கலவரத்தைத் தூண்டியவரின் குழந்தை அதே ராத்திரி மூச்சுக்குத் திணறுகிறது. காப்பாற்றக்கூடியவர் இந்த டாக்டர் ஒருவர்தான். டாக்டரின் மனைவி, செத்த குழந்தையை வைத்துக்கொண்டே, போய்வா என்கிறாள். மன்னிப்பு இல்லை அது, சமாதானமும் இல்லை. அவர்களைப் போலத் தானும் ஆகிவிட மாட்டேன் என்ற முடிவு. ஹவல்ஸுக்கு அந்த நாவல் ரொம்பக் கசந்தது. அவருடைய யதார்த்தவாதத்தின் எல்லை அது என்று நினைக்கிறேன்.

இங்கேயும் அப்படி முடிவெடுத்தவர்கள் உண்டு. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் செங்கன்னூர்க்காரர், கிறிஸ்தவர், மலையாளி. ரேகைச் சட்டத்தில் அவர் பட்டது ஒன்றுமில்லை. ஆனாலும் கள்ளர்களுக்காக வாதாடினார். அவர்கள் அவரை ரோசாப்பூ துரை என்றார்கள். பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரும் வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல்தான். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. முருகேசனும் முடிவெடுத்தவர்தான். ஆபத்து தெரிந்தும் தலைவராக நின்றார்.

பேயாண்டித் தேவனுக்கு தமிழ் நாவல் பதில் சொல்ல 2008 ஆனது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' திண்ணையை விட்டு இறங்கி, தாதனூர் என்ற ஊருக்குள் போய் நின்று, களவையும் காவலையும் உள்ளிருந்து சொன்னது. அதற்கு முன்பே மதுரையின் ஜி. நாகராஜன் 1974இல் 'நாளை மற்றுமொரு நாளே'யில் கந்தனை ஒரு நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அவன் ஏன் இப்படி ஆனான் என்று பரம்பரையையும் தேடவில்லை, சூழலையும் சாக்காக்கவில்லை. கந்தன் கந்தனாக நடமாடினான். படிக்கிறவர்கள் கூண்டில் ஏற்றித் தீர்ப்புச் சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை. மேலவளவின் நாவலை நம் வட்டாரத்து வெள்ளாமைக்காரன் ஒருவனின் மனசுக்குள்ளிருந்து, அவனைத் தப்பிக்க விடாமல், யாராவது எழுத வேண்டும்.

*

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது விடுதி ஜோக் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கடன் கேட்பவர்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு மாடலைக் கட்டினோம். சம்பளம், வயது, பழைய கடன் எல்லாம் போக பின்கோடும் ஒரு காலம். ஒரு நாள் சும்மா ஆர்வத்தில் எங்கள் ஊர் பின்கோடைப் போட்டுப் பார்த்தேன். மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து பின்கோடை மட்டும் மாற்றினால் மதிப்பெண் இறங்கியது. உசிலம்பட்டி போட்டால் இன்னும் இறங்கியது.

டீம் லீடிடம் காட்டினேன். "டேட்டா சொல்றதத்தான் நாம சொல்றோம், நாம ஒண்ணும் கூட்டிக் குறைக்கலையே" என்றார். அது உண்மைதான். ஜோலாவும் அதைத்தான் சொன்னார். அந்தக் காலத்தை எடுத்துவிட்டால் துல்லியம் கொஞ்சம் குறையும், ரிலீஸ் ஒரு வாரம் தள்ளும். எடுக்கலாம் என்று ஒரு மெயில் போட எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

போடவில்லை. அப்ரைசல் மாதம் அது. என் சூழல் அப்படி என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். ரிலீஸ் போனது, கேக் வெட்டினோம். இன்றும் யாரோ ஒருவர் அந்த மாடலில் தன் ஊர்ப் பெயரால் பத்து மதிப்பெண் இழந்துகொண்டிருப்பார். அவர் கதவுக்கு இரண்டாவது பூட்டைப் போட்டவன் மேலூர்க்காரன்தான்.